முன்னே 29, பின்னே 27.5: மலையகப் பாதைகளில் இரண்டு அளவுச் சில்லு பூட்டுவது பற்றிய கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் சில்லைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னால் பெரிய சில்லு, பின்னால் ஒரு அளவு சிறிய சில்லு என்பது நம் செங்குத்தான இறக்கங்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபிரேமின் உயரமும் சாய்வும் கெடாமல் அதைச் செய்ய வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் அளவுநாடாவை எடுங்கள்.

இரண்டு அளவுச் சில்லு என்றால் எந்தெந்த அளவு?

இப்போது வழக்கத்தில் இருப்பது முன்னால் 29 அங்குலம், பின்னால் 27.5 அங்குலம். இதை மல்லெட் பைக் என்கிறார்கள். டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 29-க்கு 622 மி.மீ., 27.5-க்கு 584 மி.மீ., பழைய 26-க்கு 559 மி.மீ. ஆக 29-க்கும் 27.5-க்கும் விட்டத்தில் 38 மி.மீ. வித்தியாசம். ஆனால் சில்லின் அச்சு எவ்வளவு இறங்கும், ஏறும் என்பதைத் தீர்மானிப்பது அதில் பாதி, அதாவது 19 மி.மீ. இந்த 19 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் வரும்.

மோட்டார் சைக்கிளில் இது சாதாரண விஷயம். நம் ஊர்களில் ஓடும் பாஹா போன்ற டிரெயில் பைக்குகளைப் பாருங்கள். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18.

இது புதிதாக வந்த மோகமா?

இல்லை. 1980களிலேயே கேனன்டேல் முன்னால் 26, பின்னால் 24 போட்டு மவுண்டன் பைக் விற்றது. 2000களின் தொடக்கத்தில் ஸ்பெஷலைஸ்டின் பிக் ஹிட் என்ற இறக்கப் பைக்கும் பின்னால் 24-உடன் வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டிரெக் நிறுவனம் 29 முன்னும் 26 பின்னுமாக 69எர் என்று ஒன்றை இறக்கியது. இவை எதுவும் நிலைக்கவில்லை. இரண்டு சில்லுக்கும் இடையே வித்தியாசம் அதிகமாக இருந்ததும், நல்ல 24 அங்குல டயர் கிடைக்காததும் அதற்குக் காரணங்கள் என்பது என் எண்ணம்.

மவுண்டன் பைக் பந்தயத்தில் இரண்டு சில்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற விதியை, சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ. 2019-இல் நீக்கியது. அந்தப் பருவத்திலேயே பிரான்சின் லொயிக் புரூனி போன்ற முன்னணி வீரர்கள் 29-உம் 27.5-உம் கலந்து ஓட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஆரம்பத்திலேயே இரண்டு அளவுக்கென்று வடிவமைத்த ஃபிரேம்கள் பரவலாகச் சந்தைக்கு வந்தன.

பெரிய சில்லு கல்லையும் பள்ளத்தையும் சுலபமாகத் தாண்டும் என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

உண்மை, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. 10 செ.மீ. உயரமான கல்லில் சில்லு முட்டுகிறது என்று வையுங்கள். டயரோடு சேர்த்து 29-இன் ஆரம் சுமார் 37 செ.மீ., 27.5-இன் ஆரம் சுமார் 35 செ.மீ. கல் சில்லைத் தொடும் கோணத்தைக் கணக்கிட்டால் 29-க்கு 43 பாகை, 27.5-க்கு 44 பாகை சொச்சம். ஒன்றேகால் பாகைதான் வித்தியாசம்.

அந்தச் சின்ன வித்தியாசம் முன் சில்லில் வந்தால் பெரிதாகத் தெரியும், பின் சில்லில் வந்தால் அவ்வளவு தெரியாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னால் போகிறது. திருப்புவதும் முன் சில்லு, பெரும்பாலான பிரேக் வேலையைச் செய்வதும் முன் சில்லு. அது ஒரு குழியில் நின்றுவிட்டால் ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போவார். பின் சில்லு நின்றால் பைக் உலுக்கும், வேகம் குறையும், அவ்வளவுதான். அதனால் பெரிய சில்லின் நன்மை எங்கே அதிகம் தேவையோ அங்கே மட்டும் அதை வைப்பது நியாயமான யோசனை.

நம் தோட்டப் பாதைகளுக்குப் பின்னால் சிறிய சில்லு ஏன் பொருந்தும்?

தேயிலை மலைக்குள் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். கொழுந்து லொறி போகும் கருங்கல் ரோடு வளைந்து வளைந்து இறங்கும். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்கு ஆட்கள் நடக்கும் குறுக்குப் பாதை நேராக விழும். அதில் மண்ணில் வெட்டிய படி வரும், கல் பதித்த படி வரும், நடுவில் தண்ணீர் ஓடும் கான் குறுக்கிடும். அப்புறம் திடீரென்று ஒரு கொண்டை ஊசி, அதுவும் இரண்டு தேயிலைச் செடிக்கு நடுவே.

இந்த மாதிரி இடத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளி, கிட்டத்தட்டப் பின் டயருக்கு மேலே உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். 29 அங்குலப் பின் சில்லு என்றால் படியில் விழும் ஒவ்வொரு தடவையும் டயர் காற்சட்டையை உரசும். 27.5 என்றால் அங்கே இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. இதை ஒரே ஒரு செங்குத்துப் படியில் இறங்கினாலே உணரலாம். இறுக்கமான வளைவில் பைக்கைச் சாய்த்துத் திருப்பும்போதும் பின்பக்கம் சீக்கிரமாக உள்ளே வரும். சிறிய சில்லுக்குக் கம்பியும் குட்டை, அதனால் பக்கவாட்டு அடியைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும்.

இதற்கு மாறாக, நீங்கள் பெரும்பாலும் லொறி ரோட்டில் ஓடுகிறவர், அல்லது ஹந்தானையில் தொடங்கி 300 கி.மீ.க்கு மேல் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயிலின் 22 பகுதிகளில் சமமான இடங்களில் சைக்கிளில் போக விரும்புகிறவர் என்றால், இரண்டு பக்கமும் 29 இருப்பதே நல்லது. பெரிய பின் சில்லு வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வகை ஓட்டத்துக்குச் சில்லைக் கலக்கப் போய்ச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஏற்றத்தில் பின் சிறிய சில்லு கஷ்டமா, சுகமா?

இரண்டும். கியர் விஷயத்தில் சுகம். 27.5 சில்லு ஒரு சுற்றில் 29-ஐவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்த தூரம்தான் போகும். அதாவது முன்னால், பெடலோடு சுழலும் செயின்ரிங் 32 பல்லாக இருந்தால் அது 30 பல் போட்ட மாதிரி இலகுவாகும். தம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் சுமார் 7 கிலோமீட்டரில், கால் களைத்துப் போன கடைசிப் பகுதியில் இந்த இரண்டு பல் பெரிய உதவி.

கல் நிறைந்த ஏற்றத்தில்தான் கஷ்டம். வேகம் குறைவாக இருக்கும்போது பின் சில்லு ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் கொஞ்சம் கூடுதலாக இறங்கி ஏறும். வேர் பிடித்த பாதையிலும் அப்படித்தான். கியரில் கிடைப்பதை இந்த உலுக்கல் கொஞ்சம் தின்றுவிடும். மொத்தத்தில் தார் ரோட்டு ஏற்றத்துக்கு லாபம், கரடுமுரடான ஏற்றத்துக்குச் சமம் அல்லது சற்று நட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இரண்டு பக்கமும் 29 உள்ள பைக் இருக்கிறது. பின்னால் 27.5 பூட்டினால் போதுமா?

பூட்டலாம், ஓடும். ஆனால் மூன்று விஷயங்கள் மாறும்.

முதலாவது, கிராங்க் (பெடல் பூட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் உயரம். மெக்கானிக்மார் பிபி என்று சொல்வது இதைத்தான். பின் அச்சு 19 மி.மீ. இறங்கும்போது பிபி சுமார் 12 மி.மீ. இறங்கும். 12 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கருங்கல் ரோட்டில் பெடல் மிதித்துக்கொண்டே போகும்போது தெரியும். ஏற்கெனவே நூலிழையில் தப்பிய கல்லெல்லாம் இப்போது பெடலில் அடிக்கும். இறக்கத்தில் பெடல் கல்லில் மாட்டினால் பைக் பக்கவாட்டில் எகிறும். இதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன், மற்ற இரண்டும் சமாளிக்கக்கூடியவை.

இரண்டாவது, ஃபோர்க்கின், அதாவது முன் சில்லைப் பிடித்திருக்கும் கவையின், சாய்வு. முன்பக்கம் அப்படியே இருக்கப் பின்பக்கம் இறங்குவதால் ஃபோர்க் ஏறத்தாழ 0.9 பாகை கூடுதலாகப் பின்னால் சாயும். செங்குத்து இறக்கத்தில் இது நல்லதே. மெதுவான ஏற்றத்தில் முன் சில்லு அங்கும் இங்கும் அலையும்.

மூன்றாவது, சீட் குழாயும் அதே 0.9 பாகை பின்னால் சாய்கிறது. ஏற்றத்தில் பின்னால் இழுத்து உட்கார வைத்த மாதிரி இருக்கும். இதற்குச் செலவில்லாத வைத்தியம் உண்டு. சீட்டின் அடிக் கம்பியில் சீட்டை 11, 12 மி.மீ. முன்னால் தள்ளிப் பூட்டினால் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பிபி உயரத்துக்கு என்ன செய்வது? சஸ்பென்ஷன் இணைப்பில் திருப்பிப் போடும் ஃபிளிப் சிப் உங்கள் ஃபிரேமில் இருந்தால் அதை உயர நிலைக்கு மாற்றுங்கள். சில ஃபிரேம்களுக்குக் கம்பனியே இதற்கான தனி லிங்க் விற்கிறது. இவை இரண்டும் இல்லையென்றால் 170 மி.மீ. கிராங்கைக் கழற்றி 165 போடுவது ஒரு வழி. கீழே 5 மி.மீ. திரும்பக் கிடைக்கும். பின்னால் சற்றுத் தடித்த டயர் போடுவது இன்னொரு வழி. 27.5 × 2.8 டயரின் வெளி விட்டம் மெல்லிய 29 டயரை ஏறத்தாழ எட்டிவிடும், உயரம் அதிகம் குறையாது. ஆனால் ஃபிரேமின் பின் கவையில் அதற்கு அகல இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிபி உயரத்தை எப்படி அளப்பது?

சமமான சிமெந்துத் தரையில் பைக்கை நிறுத்துங்கள். முற்றம் சரிவாக இருந்தால் கொழுந்து மடுவத்தின் தரையோ பாடசாலை விறாந்தையோ போதும். இரண்டு டயரிலும் வழக்கமான காற்று இருக்கட்டும். ஒருவர் பைக்கை நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் தரையிலிருந்து கிராங்க் போல்ட்டின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். சீட்டில் யாரும் உட்காரக்கூடாது.

அதிலிருந்து 12 மி.மீ.யைக் கழியுங்கள். பின் சஸ்பென்ஷன் இல்லாத பைக்கில் மிச்சம் 300 மி.மீ.க்குக் கீழே போனால் எங்கள் பக்கத்துக் கல் பாதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பின் சஸ்பென்ஷன் உள்ள பைக் ஆள் ஏறியதும் இன்னும் இறங்கும், ஆகவே அதற்கு 330-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கல் இல்லாத மண் பாதை மட்டும் ஓட்டுகிறவர் இதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள். பின் கியர் மாற்றும் டெரெய்லரின் வால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது? பெரிய கேசட்டுக்கு (பின் பல்சக்கர அடுக்குக்கு) நீளமான வால் தேவை, அது இப்போது முழு 19 மி.மீ. தாழும். கவ்வாத்து வெட்டிய மலையின் ஓரத்தில் கிடக்கும் தேயிலைக் கட்டையிலும் கானின் கல் விளிம்பிலும் முதலில் அடிபடுவது அதுதான்.

27.5 பைக்கில் முன்னால் 29 போடலாமா?

என் பார்வையில் இதுதான் நம் பாதைகளுக்கு அதிகம் பொருந்தும் மாற்றம். பிபி தாழாமல் உயர்கிறது. ஆனால் செலவு அதிகம், ஏனென்றால் 29-க்கென்று செய்த ஃபோர்க்கும் வாங்க வேண்டும்.

27.5 ஃபோர்க்குக்குள் 29 சில்லு நுழைகிறதே, ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிற்கும்போது டயருக்கும் ஃபோர்க்கின் மேல் பாலத்துக்கும் இடையில் இடம் தெரியும். பெரிய குழியில் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் போய் அந்தப் பாலத்தில் முட்டும். முன் சில்லு அந்தக் கணமே நின்றுவிடும். முகத்தில் விழுவதுதான் மிச்சம்.

எந்த ஃபோர்க் என்றாலும் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. காற்று ஃபோர்க் என்றால் வால்வைத் திறந்து காற்றை முழுக்க இறக்குங்கள், ஸ்பிரிங் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். பிறகு ஹேண்டிலில் முழு பாரத்தையும் போட்டு அடி வரைக்கும் அமுக்கிப் பிடியுங்கள். அந்த நிலையில் டயரின் பொத்தானுக்கும் ஃபோர்க் பாலத்துக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். 6 மி.மீ. ஆலன் சாவியை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அந்த டயர் அந்த ஃபோர்க்குக்கு ஆகாது. சேறு ஒட்டினால் அந்த இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

29 ஃபோர்க் அதே பயண அளவு (அமுங்கும் தூரம்) உள்ள 27.5 ஃபோர்க்கைவிடச் சுமார் 10 மி.மீ. உயரமாக இருக்கும். சில்லின் 19-ஐயும் சேர்த்தால் முன்பக்கம் 28, 29 மி.மீ. உயர்ந்துவிடும். ஃபோர்க் 1.3 பாகை அளவில் சாயும், பிபி 10 மி.மீ. உயரும். அவ்வளவு வேண்டாம் என்றால் பயண அளவு குறைந்த ஃபோர்க்காக எடுங்கள். 150 மி.மீ. இருந்த இடத்தில் 130 அல்லது 140 போதும். உயர்ந்துபோன ஹேண்டிலை, அதைப் பிடிக்கும் தண்டின் கீழுள்ள வளையங்களை மேலே மாற்றிப் போட்டு இறக்கிக்கொள்ளலாம். ஃபிரேம் செய்த கம்பனி எவ்வளவு நீள ஃபோர்க் வரைக்கும் தாங்கும் என்று சொல்லியிருக்கிறதோ அதைத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஹெட் குழாயின் ஒட்டில் பாரம் கூடும்.

என்னுடையது வீ-பிரேக் உள்ள 26 அங்குலச் சைக்கிள். இதில் 27.5 கலக்க முடியுமா?

நம் தோட்டங்களில் அதிகம் இருப்பது இந்த வகைச் சைக்கிள்தான். பதில், முடியாது. வீ-பிரேக் ரிம்மைப் பிடிக்கிறது. பிரேக் கட்டை பூட்டும் இடம் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் நிலையாக ஒட்டப்பட்டது. ரிம் 12.5 மி.மீ. மேலே போய்விட்டால் கட்டை அதை எட்டாது, அல்லது விளிம்பில் மட்டும் உரசும். கட்டையை வளைத்து, அராவி எட்ட வைக்கும் வேலையெல்லாம் பார்த்திருக்கிறேன். மலையில் பிரேக் விஷயத்தில் அப்படி விளையாடக்கூடாது.

டிஸ்க் பிரேக் என்றால் தட்டு சில்லின் நடு ஹப்பில் இருக்கிறது. ரிம் எந்த அளவானாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால்தான் சில்லு கலக்கும் பழக்கமே டிஸ்க் பிரேக் வந்த பிறகு சுலபமானது.

வீ-பிரேக் 26 வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் காசில் முன்னால் ஒரு நல்ல பொத்தான் டயர், புதுப் பிரேக் கட்டை, புதுக் கேபிள் வாங்குங்கள். இறக்கத்தில் உங்களுக்குக் கிடைக்கும் நம்பிக்கை எந்தச் சில்லு மாற்றத்தையும்விட அதிகமாக இருக்கும்.

கடையில் “26 டயர்” கேட்டு வாங்கினேன், ரிம்மில் ஏறவில்லை. ஏன்?

26 என்று எழுதியிருக்கும் எல்லா டயரும் ஒரே அளவு இல்லை. மவுண்டன் பைக்கின் 26 என்பது 559. ஜப்பானிலிருந்து வரும் பழைய கூடைச் சைக்கிள்களின் 26 × 1 3/8 என்பது 590. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று ஏறாது. அதேபோல் பெரியவர்கள் ஓட்டிய பழைய உயரச் சைக்கிளின் 28 × 1 1/2 டயர் 635. அதை 29 ரிம்மில் போட்டால் தொளதொளவென்று நிற்கும், ஏனென்றால் 29 என்பது 622.

டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் 57-622, 57-584, 54-559 என்ற மாதிரி ஒரு எண் அச்சிட்டிருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளது அகலம், பின்னால் உள்ளது ரிம் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. கடைக்காரரிடம் அங்குலம் சொல்லாமல் இந்த மூன்று இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு அளவுச் சில்லு வைத்திருப்பவர் இதைத் தாளில் எழுதிப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 27.5-ஐச் சிலர் 650பி என்பார்கள், இரண்டும் அதே 584 தான்.

முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்று மாற்றிப் போட்டால்?

மலையில் வேண்டவே வேண்டாம். ஃபோர்க் நிமிர்ந்துவிடும், முன்பக்கம் தாழும், பாரம் முழுதும் சிறிய சில்லின் மேல் விழும். செங்குத்தில் ஆளைக் கவிழ்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

நான் 5 அடிக்குச் சற்று மேல் உயரம். எனக்கு இது உதவுமா?

உங்களுக்குத்தான் மிக அதிகம் உதவும். கால் குட்டையாக இருக்கும்போது சீட்டுக்கும் பின் டயருக்கும் இடையே இடம் ஏற்கெனவே குறைவு. பின்னால் தள்ளி உட்காரும்போது முதலில் டயரில் உரசுவது உங்களைப் போன்றவர்கள்தான். நம் பக்கத்தில் பல பெண்களும் பள்ளி மாணவர்களும் 29 பைக்கில் ஏறிப் பார்த்து “இது எனக்குச் சரிவராது” என்று இறங்கிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது பின் சில்லு மட்டுமே. முன்னால் 29 இருந்தாலும், ஹேண்டிலைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் பெரும்பாலும் பழகிவிடும். மிகவும் சின்ன ஃபிரேம் தேவைப்படுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் 27.5 என்பதும் மரியாதையான தேர்வே. யாரும் கலக்கச் சொன்னார்கள் என்பதற்காகக் கலக்க வேண்டாம்.

மழைக் காலத்தில்?

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அதே மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, வெலிமடை, பதுளைச் சரிவுகளில் காற்றும் வறட்சியுமாக இருக்கும். அங்கே மழை அதிகம் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. ஓட்டும் பக்கத்தை மாற்றிக்கொண்டால் வருடத்தில் பெரும்பகுதி காய்ந்த பாதை கிடைக்கும்.

நனைந்த செம்மண் டயரில் பசை மாதிரி ஒட்டும். 29 ஃபிரேமில் 27.5 சில்லு இருந்தால் டயருக்கும் ஃபிரேமின் பாலத்துக்கும் இடையே இடம் கூடும், சேறு அடைக்காது. இது பலர் கவனிக்காத ஒரு நன்மை. ஆனால் நான் மேலே சொன்ன தடித்த 2.8 டயரைப் போட்டால் பக்கவாட்டு இடம் குறைந்து இந்த நன்மை போய்விடும். மழையில் 2.4-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

இரண்டு டயருக்கும் காற்று எவ்வளவு?

டியூப் போட்ட 2.3, 2.4 டயர், ஆள் 65, 70 கிலோ என்றால் முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் 29, 30-இல் தொடங்குங்கள். சிறிய சில்லில் காற்றுக்கு இடம் சற்றுக் குறைவு, பாரமோ அதிகம். அதனால் பின்னால் ஒன்றிரண்டு கூடுதலாக வைப்பதில் தவறில்லை. கருங்கல் ரோட்டில் ரிம் தட்டும் சத்தம் கேட்டால் இன்னும் 2 ஏற்றுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் வேறுபடுமா?

பின் பிரேக் ஏறத்தாழ 5 சதவீதம் பலமாகப் பிடிக்கும். தட்டு அதே அளவு, சில்லு சிறிது, அதனால் தரையில் விழும் பிடி கூடுகிறது. ஈர மண்ணில் பின் சில்லு சீக்கிரம் வழுக்க இதுவும் ஒரு காரணமாகலாம். ஒரு விரலால் மெதுவாகப் பிடித்துப் பழகுங்கள்.

சூடு வேறு விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தை இழக்கிறீர்கள். இப்படிப்பட்ட இறக்கத்தில் சின்னத் தட்டு தாங்காது. முன்னால் 200, பின்னால் 180 மி.மீ. தட்டு பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் அந்த அளவுக்கு அனுமதிக்கப்பட்டவையா என்று பார்த்த பிறகு.

பழைய சில்லு ஒன்று கிடைக்கிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஹப் அகலம். பின் கவை 135, 142, 148 மி.மீ. என்று பல அளவில் வருகிறது. அச்சு விரல் நெம்பில் கழலும் மெல்லியதா, 12 மி.மீ. தடித்ததா என்றும் பாருங்கள். கேசட் ஏறும் உருளை உங்கள் கேசட்டுக்குப் பொருந்துகிறதா, டிஸ்க் தட்டு ஆறு போல்ட்டா நடுப் பூட்டா என்பது அடுத்தது. இவை சரியென்றால் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், தொய்வு தெரியும். ரிம்மில் கம்பி நுழையும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

மின்சார சைக்கிளில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் மோட்டார் வேகத்தைப் பின் சில்லின் சுற்றளவை வைத்துக் கணக்கிடுகிறது. சில்லை மாற்றினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். சில மோட்டார்களில் அதை விற்பனையாளரின் கணினியில்தான் மாற்ற முடியும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தோட்டத்துக்குள் ஓட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஒஃபீஸில் போய்க் கேளுங்கள், எந்தப் பாதை, எந்த நேரம் என்று சொல்வார்கள். கொழுந்து எடுக்கும் மலைக்குள் வேலை நேரத்தில் இறங்கக்கூடாது. முதுகில் கூடையோடு படியில் ஏறி வரும் அக்காமாருக்கு ஒதுங்க இடம் கிடையாது. நாம்தான் இறங்கி நின்று வழிவிட வேண்டும்.

இரண்டு அளவுச் சில்லு என்றால் இரண்டு டியூப் சுமக்க வேண்டுமா?

ஒன்று போதும், 27.5 டியூப். அவசரத்துக்கு அது 29 டயருக்குள் இழுபட்டு உட்கார்ந்துவிடும். 29 டியூபை 27.5-க்குள் திணித்தால் மடியும், மடிந்த இடத்தில் மறுபடி ஓட்டையாகும். 27.5/29 என்று இரண்டு அளவும் அச்சிட்ட டியூபும் கிடைக்கிறது, கிடைத்தால் அதையே வாங்குங்கள். டயர்தான் பிரச்சினை. தோட்டத்துச் சந்திக் கடைகளில் 26 இருக்கும், 584-உம் 622-உம் கிடைப்பது அரிது. கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறவரிடம் சொல்லி அளவுக்கு ஒன்றாக வாங்கி வீட்டில் வையுங்கள். கவ்வாத்துக் குச்சி பக்கச் சுவரைக் கிழித்துவிட்டால் டியூபுக்கும் டயருக்கும் நடுவே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து மெதுவாக வீடு வந்து சேரலாம். அந்தத் துண்டு பைக்குள் எப்போதும் இருக்கட்டும்.